ஆள் உட்கார்ந்திருக்கும்போதே 'பாசஞ்சர் ஏர்பேக் ஆஃப்' விளக்கு எரிகிறது. ரீகால் இல்லை என்றால் குறையே இல்லையா?

ப்ளேனோவாசி:
வணக்கம். டெக்சாஸில் இருக்கிறோம். 2021 மாடல் எஸ்யூவி, வாரண்டி முடிந்துவிட்டது. மனைவி முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போதே 'பாசஞ்சர் ஏர்பேக் ஆஃப்' விளக்கு எரிகிறது. சில நாள் ஒழுங்காக அணைந்துவிடும், சில நாள் போகிற வழியிலேயே எரியும். அவர் 50 கிலோவுக்கு மேல். டீலரிடம் காட்டினால், "ஸ்கேனில் எந்தக் கோளாறும் வரவில்லை, அவரை நேராக உட்காரச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அரசாங்கத் தளத்தில் வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) போட்டுப் பார்த்தேன், ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைப்பது) எதுவும் இல்லை. அப்படியானால் சும்மா விட்டுவிடலாமா?

கேரேஜ்காரன்:
முதலில் சீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். குடை, தண்ணீர் பாட்டில், குழந்தைகளின் பை என்று எது முட்டிக்கொண்டிருந்தாலும், யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எடை பார்க்கும் சீட் சென்சருக்கு எடை குறைவாகத் தெரியும். பின்னால் உட்காருபவர் முன்சீட்டைக் காலால் மேலே தள்ளினாலும் அப்படித்தான். மேலே தனியாக சீட் கவர் போட்டிருந்தால் கழற்றுங்கள். சீட் எப்போதாவது நனைந்ததா? ஏர்பேக் படம் போட்ட சிவப்பு எஸ்ஆர்எஸ் விளக்கும் எரிகிறதா, அல்லது ஆஃப் விளக்கு மட்டும்தானா?

ப்ளேனோவாசி:
ஆஃப் விளக்கு மட்டும்தான். கவர் இல்லை, அடியிலும் ஒன்றும் இல்லை. நனைந்ததாக நினைவில்லை.

கேரேஜ்காரன்:
அதனால்தான் ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை. சென்சர் செத்துப்போனால் கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதியும் கோளாறு எண்) விழும். சென்சர் உயிரோடு இருந்து, பெரியவரைக் குழந்தை என்றோ காலி சீட் என்றோ தப்பாகக் கணித்தால் பெரும்பாலும் கோட் விழாது. "கோட் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். மனைவியை உட்கார வைத்து, ஸ்கேனரில் அந்த நேரத்து எடை அளவைக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரியும்போது ஒரு தடவை, அணைந்திருக்கும்போது ஒரு தடவை. சீட்டை எப்போதாவது கழற்றி மாட்டியிருந்தால், காலி சீட்டை வைத்துப் பூஜ்ஜியம் சரிசெய்யும் வேலையையும் கேளுங்கள். பல கடைகளில் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஷார்ட்கட்_ராஜா:
இதற்கு ஏன் இவ்வளவு? சென்சர் கனெக்டரில் மாட்ட ஒரு சின்ன டப்பா ஆன்லைனில் கிடைக்கிறது. எப்போதும் ஆள் இருப்பதாகவே காட்டும். விளக்குத் தொல்லை ஒழிந்தது.

கேரேஜ்காரன்:
தம்பி, தயவுசெய்து வேண்டாம். அதற்கப்புறம் ஒரு சிறு பிள்ளை அந்த சீட்டில் உட்கார்ந்தாலும் ஏர்பேக் வெடிக்கும். அமெரிக்காவில் 1990களில் குறைந்த வேக மோதல்களில் ஏர்பேக் பட்டே குழந்தைகள் இறந்தார்கள். உள்ளே யார் என்று பார்த்து ஏர்பேக்கை அடக்கும் சென்சர் வந்ததே அதனால்தான்.

டெட்ராய்ட்_சித்தப்பா:
கேட்டவரின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தளம் காட்டுவது, கம்பெனி ஏற்கெனவே ரீகால் அறிவித்து, உங்கள் வண்டியில் இன்னும் செய்யாத வேலையை மட்டும்தான். குறை இல்லை என்ற சான்றிதழ் அல்ல அது.

நிஸான் கதையைப் பாருங்கள். முன்சீட்டில் ஆள் இருந்தும் காலி என்று கணித்ததால் 2014இல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். சீட் காலியாக இருக்கும்போது எஞ்சின் ஐடிலில் அதிகமாக அதிர்ந்து, அப்புறம் ஆள் ஏறினால் கணிப்பு தடுமாறலாம் என்று அவர்களே ஒரு காரணம் சொன்னார்கள். சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிய பிறகும் விளக்கு எரிகிறது என்று உரிமையாளர்கள் நிட்ஸாவுக்கு (அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு) எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்த வைத்தியம் பலித்ததா என்று 2015இல் நிட்ஸா விசாரணை தொடங்கியது. 2016இல் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு இன்னொரு ரீகால் வந்தது. 2014க்கும் 2016க்கும் நடுவில் டீலரிடம் போனவர்களுக்கும் "நேராக உட்காருங்கள்" என்ற பதில்தான் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

2023 டிசம்பரில் டொயோட்டா, சென்சரில் ஷார்ட் ஆகலாம், தேவையான நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று சுமார் 10 லட்சம் வண்டிகளை அழைத்தது. 2024 பிப்ரவரியில் ஹோண்டா சுமார் 7.5 லட்சம். அங்கே குறை நேர் எதிர்த் திசையில்: அடங்க வேண்டிய ஏர்பேக் அடங்காமல் போகலாம். சென்சருக்குள் இருக்கும் கெபாசிட்டர் விரிசல் விட்டு ஷார்ட் ஆகிறது. இயற்கைச் சீற்றத்தால் ஒரு சப்ளையரின் ஆலை பாதிக்கப்பட, சர்க்யூட் போர்டின் மூலப்பொருளைத் தற்காலிகமாக மாற்றியதில் தொடங்கிய வினை அது.

நிட்ஸாவில் முதலில் வருகிற புகார்களைச் சலித்துப் பார்ப்பார்கள். ஒரே மாதிரி நிறைய வந்தால் முதற்கட்ட விசாரணை, அதில் சத்து இருந்தால் எஞ்சினியரிங் ஆய்வு, அப்புறம் ரீகால் கேட்பது. அந்தச் சலிப்பில் விழுவதற்கு உங்கள் புகார் அங்கே இருக்க வேண்டும்.

ப்ளேனோவாசி:
நன்றி சித்தப்பா. புகாரில் என்ன எழுதினால் கவனிப்பார்கள்? கோபத்தைக் கொட்டினால் வேலைக்கு ஆகாது என்று தெரிகிறது.

டெட்ராய்ட்_சித்தப்பா:
வின், ஓடிய மைல், பெல்ட் போட்டிருந்தாரா, அவருடைய எடை, வண்டி நின்றிருந்ததா ஓடியதா, விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது. டீலர் சொன்னதை அவர்கள் எழுதிக் கொடுத்த சர்வீஸ் தாளில் உள்ளபடியே போடுங்கள். தாள் கொடுக்கவில்லை என்றால் திரும்பப் போய் வாங்குங்கள். விளக்கைப் பின்சீட்டிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள், ஓட்டுபவர் எடுக்க வேண்டாம். 888-327-4236க்குப் போன் செய்தும் பதியலாம். ஒன்று மட்டும்: நிட்ஸா உங்கள் வண்டியைப் பழுது பார்த்துத் தராது, டீலரோடு பேசியும் தராது.

பேசைட்_அக்கா:
அதுவரை மனைவி பின்சீட்டில் உட்காரட்டும். 13 வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அவர்களுக்குப் பின்சீட்தான்.

ப்ளேனோவாசி:
சரி அக்கா, இன்றிலிருந்தே. ஒரு சந்தேகம். சொந்தக் காசில் சென்சரை மாற்றிவிட்டு, பின்னால் ரீகால் வந்தால் அந்தப் பணம் போனதுதானா?

கேரேஜ்காரன்:
போகாது, ஆனால் நிபந்தனை உண்டு. ரீகால் கடிதத்திலேயே பணம் திரும்பப் பெறுவது எப்படி, எந்தத் தேதிக்குள் என்று இருக்கும். எந்தப் பாகம், என்ன பழுது என்று ரசீதில் தெளிவாக எழுதி வாங்குங்கள். 'சீட் வேலை' என்று மொட்டையாகப் போட்டால் நிராகரித்துவிடுவார்கள். பல மாடல்களில் சென்சர் தனியாக வராது, குஷனோடு ஒரே செட்டாக அளவு சரிபார்த்துத்தான் வரும். விலை கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.