14 வயசுப் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சோதனை: ரத்தம் ஏன் ரெண்டு தடவை?

காரைக்குடி ஆச்சி: பிள்ளையை இந்தச் சோதனையில் சேர்க்கலாமான்னு கேட்கிறாங்க. எதில் கையெழுத்துப் போடணும்?

தேவகோட்டை செவிலி: ஊசிக்கு முன் ஒரு தடவை, சுமார் 28 நாள் கழிச்சு ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க. அந்த ரத்தத்தோட சீரம், அதாவது அணுக்கள் நீக்கின தெளிநீர், மூளைக்காய்ச்சல் தர்ற மெனிங்கோகாக்கஸ் கிருமியைக் கொல்லுதான்னு ஆய்வகத்தில் பார்ப்பாங்க. நோய் அபூர்வம், அது வருதான்னு காத்திருந்தா ஏராளமான பிள்ளைகள் வேணும். மாலி, காம்பியாவில் 2 முதல் 29 வயது வரை 1,800 பேரிடம் மென்ஃபைவ்ங்கிற மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை இப்படித்தான் சோதிச்சாங்க.

புதுவயல் மருந்தாளர்: ஊசி போட்டு அரைமணி நேரம் அங்கேயே உட்காரணும். காய்ச்சல், வீக்கம் குறிக்கிற டைரியை அன்னன்னிக்கே தெர்மாமீட்டர் பார்த்து எழுதுங்க. கடைசி நாள் மொத்தமா நிரப்புறதுதான் தரவைக் கெடுக்குது.

செவிலி: ஆச்சி, பெற்றோர் ஒப்புதல் தனி, பிள்ளையோட எழுத்து இசைவு தனி. பிள்ளை வேண்டாம்னா விட்டுடணும். சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், இந்தச் சோதனையோட பதிவெண் கேளுங்க. தமிழ்ப் படிவம் தராட்டி எழுந்து வந்துடுங்க.