ராத்திரியானால் 22ஆம் போர்ட் கேமரா மட்டும் விழுகிறது: சுவிட்ச் போய்விட்டதா?

பனியன்கம்பெனி_ஐடி

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாம் என் தலையில்தான். 24 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்டும் கொடுப்பது) ஒன்று இருக்கிறது, பிஓஇ மொத்தமாக 195 வாட். அதில் 12 கேமரா, 4 வைஃபை ஆக்சஸ் பாயின்ட், 6 ஐபி ஃபோன். போன மாதம் குடோனுக்காக 21, 22ஆம் போர்ட்டுகளில் புதிதாக 2 கேமரா போட்டோம், அன்றிலிருந்து தொல்லை. பகல் முழுக்க ஒன்றும் இல்லை. எட்டரை மணிக்கு லைட்டை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்பியதும் 22இல் இருக்கும் கேமரா போகும், ஒரு நிமிடத்தில் வரும், மறுபடி போகும், விடியும்வரை இதே கதை. பக்கத்தில் நின்றால் ஒவ்வொரு முறையும் கேமராவுக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறரைக்கே ஆரம்பித்துவிடுகிறது. பகலில் சுவிட்ச் பக்கத்தில் பார்த்தால் 137 வாட்தான் காட்டுகிறது, இடம் தாராளமாக இருக்கிறது. முதலாளி சுவிட்சையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

கேபிள்காரர்

முதலில் கேபிளைப் பாருங்கள். குடோன் என்றால் 70, 80 மீட்டராவது இருக்கும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சிசிஏ கேபிளை இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள், அதன் தடை அசல் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பகலில் தாங்கும், ராத்திரி இருட்டில் பார்க்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரிந்து கரண்ட் கூடினால் அந்த முனையில் வோல்டேஜ் சரிந்து கேமரா ரீபூட் ஆகும். கம்பியை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான்.

பனியன்கம்பெனி_ஐடி

சுரண்டிப் பார்த்தேன் அண்ணா, சிவப்புதான், நல்ல செம்பு. அப்புறம் இன்னொன்றும் செய்தேன். அந்தக் கேமராவின் கேபிளை 3ஆம் போர்ட்டில் மாட்டி, 3இல் இருந்த கேமராவை 22க்குக் கொண்டுவந்தேன். ராத்திரி குடோன் கேமரா அசையாமல் ஓடுகிறது, இத்தனை நாள் நன்றாக இருந்த கேட் கேமரா விழுகிறது. அப்போது போர்ட்தானே பழுது?

ரேக்ராசா

போர்ட்டில் ஒன்றும் இல்லை தம்பி, அது கடைசி போர்ட் என்பதுதான் அதன் பாவம். 137 வாட் என்று பகல் கணக்கைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள்.

கேமரா பகலில் 5 வாட் என்றால் 12க்கு 60, ஆக்சஸ் பாயின்ட் 14 வீதம் 56, ஃபோன் மூன்றரை வீதம் 21. உங்கள் 137 வந்துவிட்டது. இருட்டினதும் ஐஆர் எரிந்தால் அதே கேமரா 10 வாட் தின்னும், அப்போது கேமராக்களுக்கு மட்டும் 120, மொத்தம் 197. இருப்பதோ 195. வெறும் 2 வாட்தான் இடிக்கிறது, அதனால்தான் ஒரே ஒரு கேமரா விழுகிறது. எல்லா போர்ட்டுக்கும் ஒரே பிரையாரிட்டி என்றால் பெரும்பாலான சுவிட்சுகள் பெரிய எண் போர்ட்டைத்தான் முதலில் வெட்டும்.

வெட்டியதும் 187. "அட, இடம் இருக்கிறதே" என்று சுவிட்ச் திரும்பக் கொடுக்கிறது, கேமரா ஐஆர் இல்லாமல் 5 வாட்டில் எழுந்து 192 ஆகிறது. அப்புறம் இருட்டைப் பார்த்து, பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஐஆர் ஃபில்டரை நகர்த்துகிறது, நீங்கள் கேட்ட டிக் அதுதான், விளக்கைப் போடுகிறது, மறுபடி 197. ஞாயிறு ஆறரைக்கே ஆரம்பிப்பதும் இதனால்தான், அன்றைக்கு உள்ளே லைட் போட ஆள் இல்லை.

ராத்திரி 9 மணிக்கு லாகின் செய்து பாருங்கள். பிஓஇ லாகில் 22க்கு நேராக "பவர் டினைட்" (கரண்ட் மறுக்கப்பட்டது) என்று வரிசையாக இருக்கும். செய்ய வேண்டியது இரண்டே. கேமரா போர்ட்டுகளை கிரிட்டிகல், ஃபோன் போர்ட்டுகளை லோ ஆக்குங்கள். அடுத்து, வாட்ச்மேன் ஃபோனை விட்டுவிட்டு மற்ற ஐந்துக்கும் டைம் ரேஞ்ச் (நேர அட்டவணை) போட்டு ராத்திரி பிஓஇயை நிறுத்துங்கள், பதினேழரை வாட் மிச்சம். ஞாயிறு நாள் முழுக்க நிறுத்துங்கள்.

எல்2_எல்3

ரேக்ராசா சொன்னது சரி. இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். பிஓஇ ஒதுக்கீடு இப்போது யூசேஜ் மோடில் (நிஜமாக எடுக்கும் வாட்டைக் கணக்கிடும் முறை) இருக்கும், யாராவது "கிளாஸ் மோடுக்கு மாற்று, பாதுகாப்பு" என்றால் கை வைக்காதீர்கள். அதில் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்பதைப் பார்க்காமல் கருவியின் கிளாஸுக்கு (பவர் தரத்துக்கு) உரியதை அப்படியே ஒதுக்கிவிடும். கேமரா கிளாஸ் 3 என்றால் தலைக்கு 15.4, ஆக்சஸ் பாயின்ட் கிளாஸ் 4 என்றால் 30, ஃபோன் கிளாஸ் 2 என்றால் 7. கூட்டினால் 346.8 வாட், பல கருவிகள் பகலிலேயே எழுந்திருக்காது. அடுத்த சுவிட்ச் வாங்கும்போது 370 வாட் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், ஆனால் இந்த 2 வாட்டுக்காக இப்போது வாங்க வேண்டாம்.

இன்னொன்று, டைம் ரேஞ்ச் சுவிட்சின் கடிகாரத்தை நம்பித்தான் ஓடும். பல சுவிட்சுகளில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கினால் நேரம் ஆதியிலிருந்து ஆரம்பிக்கும். எஸ்என்டிபி (நெட்வொர்க்கிலிருந்து சரியான நேரத்தை எடுப்பது) வையுங்கள், டைம்ஸோன் ஐந்தரை மணி கூட்டியிருக்கிறதா பாருங்கள். மாற்றியதை ஸ்டார்ட்டப் கான்ஃபிகில் (சுவிட்ச் எழும்போது படிக்கும் அமைப்பு) சேவ் செய்ய மறக்காதீர்கள்.

பனியன்கம்பெனி_ஐடி

லாகில் ஒரே ராத்திரியில் முந்நூற்றுச் சொச்சம் டினைட். டைம் ரேஞ்ச் போட்டு மூன்று நாள் ஆகிறது, ராத்திரி 180ஐத் தாண்டவில்லை, கேட் கேமராவும் விழவில்லை. காலை 8 மணிக்கு ஃபோன் எழும்படி வைத்திருந்தேன். முதல் நாளே அக்கவுன்ட்ஸ் அக்கா ஏழே முக்காலுக்கு வந்து உட்கார்ந்து "தம்பி, ஃபோன் செத்துக் கிடக்கு" என்று என் மொபைலுக்கு அடித்தார். ஏழரைக்கு மாற்றிவிட்டேன். முதலாளியிடம் சுவிட்ச் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, 370 வாட்டுக்கு ஒரு கொட்டேஷன் மட்டும் வாங்கி வை என்கிறார்.