இன்ஃபிளமசோம்: 'அழற்சிமூர்த்தம்' அன்று, 'அழற்சித்திரளம்'

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

உடற்கலத்துக்குள் (cell) ஆபத்து தோன்றும்போது சில புரதங்கள் ஒன்றுகூடி அழற்சியைத் தூண்டும் அமைப்பே இன்ஃபிளமசோம் (inflammasome). அதற்குத் தமிழில் 'அழற்சிமூர்த்தம்' என்று முன்மொழிந்த நண்பரின் நியாயம் எனக்கு விளங்குகிறது. நமது உயர்தர வகுப்பு உயிரியல் நூல்களில் குரோமோசோம் 'நிறமூர்த்தம்' ஆகிவிட்டதால், உடலைக் குறிக்கும் 'சோம்' எனும் கிரேக்க ஈற்றுக்கு மூர்த்தமே மரபு என அவர் கொள்கிறார். ஆயினும் இப்பொருளுக்கு அது பொருந்தாது, 'அழற்சித்திரளம்' என்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நிறமூர்த்தம் கலத்தின் நிலையான உடைமை. இன்ஃபிளமசோமோ அமைதியான கலத்தில் தேடினாலும் கிடைக்காது. அதன் உறுப்புப் புரதங்கள் மட்டுமே தனித்தனியே கிடக்கும். கலத்துக்குள் ஆபத்தின் அறிகுறி தென்பட்டதும், உணரியான என்.எல்.ஆர்.பி.3, இணைப்பியான ஏ.எஸ்.சி., நொதியமான கஸ்பேஸ்-1 ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றித் திரள்கின்றன. ஏ.எஸ்.சி. புரதத்தை ஒளிரச் செய்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கலமெங்கும் மங்கலாகப் பரவியிருந்த ஒளி, ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர் அளவான ஒரே புள்ளியாகக் குவிந்துவிடுவதைக் காணலாம். நாம் பெயரிடவேண்டியது அந்தப் புள்ளிக்குத்தான்.

திரள்வதுதான் இங்கு தொழிலும்கூட. அருகருகே நெருக்கப்படுவதாலேயே கஸ்பேஸ் தன்னைத்தானே வெட்டிச் செயலூக்கம் பெறுகிறது. பின்னர் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதமான இன்டர்லூகின்-1 பீட்டாவின் முன்வடிவத்தை வெட்டி முதிரச் செய்வதோடு, கஸ்டெர்மின் டி புரதத்தையும் வெட்ட, அதன் துண்டுகள் கலமென்சவ்வில் துளையிடுகின்றன.

வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் பெரியப்பாவுக்கு நள்ளிரவில் கால் பெருவிரல் மூட்டுச் சிவந்து வீங்கினால், போர்வை படுவதையும் தாங்கமாட்டார். இது கவுட் எனும் மூட்டு நோய்; இதற்குக் கிருமி ஏதும் காரணமில்லை. மூட்டில் படிந்திருக்கும் யூரேற்றுப் (யூரிக் அமில உப்பு) பளிங்குகளை, அந்நியப் பொருள்களை விழுங்கும் கலங்களான தின்குழியங்கள் விழுங்கும்போது என்.எல்.ஆர்.பி.3 திரள்கிறது என்பதை, 2002இல் இன்ஃபிளமசோம் எனும் பெயரைச் சூட்டிய ஆய்வாளர் யூர்க் சொப்பின் குழுவே 2006இல் காட்டியது. 'புரதங்கள் திரண்டு விடுகின்றன, பெரியப்பா' என்று சொன்னபோது அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வெறும் 'திரள்' போதாதா என்று கேட்கலாம். குருதிக் கலங்கள் குவிந்து கிடப்பதையும் திரள் என்போம். அம் ஈறு பெற்ற 'திரளம்' தனிப்பொருளின் பெயராக நிற்கும். உணரிப் புரதத்தின் பெயரை முன்னிட்டு, பற்றீரியாவின் சவுக்குமுளைப் (நீந்த உதவும் வால்போன்ற உறுப்பு) புரதத்தால் தூண்டப்படுவதை என்.எல்.ஆர்.சி.4 திரளம் என்றும், கலவுருவில் (கலத்தின் உட்பாய்மத்தில்) புகுந்த டி.என்.ஏ.யை உணர்வதை எய்ம்2 திரளம் என்றும் வேறுபடுத்தலாம்.

மருந்துகளைப் பற்றி எழுதும்போதும் இச்சொல் உதவும். திரளுமுன் தடுப்பதைத் 'திரளத்தடுப்பி' எனலாம். திரளம் உருவானபின் வெளியான இன்டர்லூகின்-1இன் வழியை மறிக்கும் அனகின்ரா எனும் மருந்தை அப்பெயரால் அழைக்க முடியாது.