கவச உடைப் பயிற்சிக்குக் கேமரா போதுமா?

மன்னை மென்பொருள்: கவச உடையை அணியவும் கழற்றவும் கற்றுத்தர இனி மூத்த செவிலியர் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவுக் கேமரா ஒவ்வொரு படியையும் பார்த்து, தவறினால் அங்கேயே திருத்திவிடும். டெல்டா மருத்துவமனைகள் அனைத்திலும் வைக்கலாம்.

தஞ்சை சிஸ்டர்: "தேவையில்லை" என்று எழுதக் கை கூசவில்லையா? ஆபத்து கழற்றும்போதுதான். கையுறை கழற்றிய கையின் விரலை, மற்றக் கையுறையின் மணிக்கட்டு ஓரத்தில் உட்புறமாக நுழைத்துத் தள்ள வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வை ஊறிய கையுறை தோலோடு ஒட்டிக்கொள்ளும்; இழுத்தால் சடாரென்று தெறிக்கும். அந்த நேரத்தில் விரல் நுனி, கிருமி ஒட்டிய வெளிப்புறத்தைத் தொட்டதா என்று உங்கள் கேமராவுக்குத் தெரியுமா?

மன்னை மென்பொருள்: வரிசையைப் பார்க்கும். கையுறை, கண்ணாடி, கவுன், கடைசியில் முகக்கவசம், பிறகு கை கழுவுதல். இரவுப் பணியிலும் சலிக்காது. உங்கள் மூத்தவர்கள் அந்நேரம் வந்து நிற்பார்களா?

தஞ்சை சிஸ்டர்: நான் வரிசையைக் கேட்கவில்லை. விரல் நுனி தொட்டதா, இல்லையா?

குடந்தை லேப்: ஒளிரும் தூளைக் கையுறையில் தடவிக் கழற்றச் சொல்லுங்கள். புற ஊதா விளக்கைப் பிடித்தால் தொட்ட இடமெல்லாம் மின்னும். கணினி எதற்கு? வரிசையும் ஒன்றல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் காட்டும் இரண்டாவது முறையில் கவுனும் கையுறையும் சேர்ந்தே வரும்.

மன்னை மென்பொருள்: இரண்டையும் கேமராவுக்குப் பழக்கலாம். முன்பு நடந்த என்95 முகக்கவச விவாதத்திலும் இப்படித்தான் குறுக்கே வந்து குழப்பினீர்கள்.

குடந்தை லேப்: தாடியோடு என்95 போட்டால் ஓரத்தில் காற்று கசியும் என்றேன். இன்றும் அதையே சொல்வேன். பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள்.

வேதாரண்யத்தான்: மின்சாரத்துக்கு என்ன வழி? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் இருட்டு.

மன்னை மென்பொருள்: கஜாவை ஏன் இழுக்கிறீர்கள்? மன்னார்குடியிலும்தான் தென்னை சாய்ந்தது.

வேதாரண்யத்தான்: எங்கள் தோப்புகளைப் பார்த்துவிட்டு அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

திருவாரூர் மகன்: கழற்றிய கையுறை சிவப்புப் பைக்கும் முகக்கவசம் மஞ்சள் பைக்கும் போக வேண்டும். அந்தப் பைகளை அள்ளுபவர் என் அம்மா. அவருக்கு இதுவரை யாரும் பயிற்சி அளித்ததில்லை. உங்கள் கேமரா அவரைப் பார்க்குமா? சிஸ்டர், நீங்களாவது கற்றுக்கொடுத்தீர்களா?

தஞ்சை சிஸ்டர்: தம்பி, அவர்களுக்கும் இதே விரல் நுனிதான். மன்னைக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

திருவாரூர் மகன்: நீங்களும்தான் சொல்லவில்லை.

மன்னை மென்பொருள்: நேரில் காட்டினால் ஒப்புக்கொள்வீர்களா?

தஞ்சை சிஸ்டர்: கேமராவைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் வாருங்கள். தூளும் விளக்கும் என் பொறுப்பு.

மன்னை மென்பொருள்: நான் ஏன் வரவேண்டும்? சந்தேகம் உங்களுக்குத்தானே, நீங்கள் மன்னார்குடி வாருங்கள்.

தஞ்சை சிஸ்டர்: செவிலியர் தேவையில்லை என்று ஆரம்பித்தது நீங்கள். நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்தான். விரல் நுனி தொட்டதா, இல்லையா?