மினாக்சிடில் ஆறு வாரம் போட்டாச்சு, முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டுகிறது. நிறுத்திவிடலாமா?

பனியன்ஊர்க்காரன்:

வணக்கம். வயது 29, திருப்பூரில் நிட்டிங் கம்பெனியில் வேலை. மூன்று வருடமாக நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிக்கொண்டே போகிறது. உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கும் இதே மாதிரிதான் விழுந்தது. கரிசலாங்கண்ணி எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு என்று வீட்டில் சொன்னதை எல்லாம் ஒரு வருடம் செய்து பார்த்தேன். பலன் இல்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன் தோல் டாக்டரிடம் போனேன். தலையில் தடவும் 5 சதவீத மினாக்சிடில் மருந்து காலையும் இரவும் 1 மில்லி, ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை தினம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரையைப் பற்றி நெட்டில் படித்துப் பயந்து இன்னும் தொடவில்லை. மருந்து மட்டும் போடுகிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து தலை துவட்டினால் துண்டு முழுக்க முடி. தை பிறந்ததும் பெண் பார்க்கப் போவதாக வீட்டில் பேச்சு. இருக்கிறதும் போய்விடுமோ என்று தூக்கமே வருவதில்லை.

சுழிக்காரன்:

தம்பி, நிறுத்தாதீர்கள். எனக்கு வயது 36, ஏழு வருடமாக இதே மருந்து. எனக்கும் மூன்றாவது வாரம் தொடங்கிய உதிர்வு ஒன்பதாவது வாரத்தில்தான் அடங்கியது. ஏற்கெனவே வளர்ச்சி நின்று ஓய்வில் இருக்கும் முடிகளை, அடியில் முளைக்கும் புது முடி தள்ளிவிடுகிறது. கொட்டுவது பெரும்பாலும் அந்த முடிதான். நான்கு மாதம் ஆகும் முன் இந்த மருந்தை எடைபோடவே முடியாது. எனக்கு எட்டாவது மாதத்தில்தான் உச்சி மூடியது. நெற்றி ஓரம் பெரிதாக மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்படிப் போடுகிறீர்கள்? பலர் முடி மேல் ஊற்றிவிடுகிறார்கள். தலை நன்றாகக் காய்ந்த பிறகு, சீப்பின் முனையால் வகிடு எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தோலில் விட்டு விரல் நுனியால் பரப்ப வேண்டும். உடனே கை கழுவுங்கள். காயும் முன் தலையணையில் சாயாதீர்கள். மாதம் ஒருமுறை, அதே டியூப்லைட் கீழே நின்று உச்சியைப் போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடியை நம்பினால் தினமும் மனசு ஒடியும்.

பையன் பிறந்த சமயம் நான் நான்கு மாதம் விட்டுவிட்டேன். வளர்ந்தது அத்தனையும் போய்விட்டது, திரும்பப் பிடிக்க ஒரு வருடம் ஆனது. போடும் வரைதான் பலன். இதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மாத்திரை விஷயம். மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் போடும் மருந்தாக்கினார்கள், 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டரைடு புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்த மருந்து. வழுக்கைக்கான 1 மி.கி. 1997-ல் வந்தது. முடி வேரைச் சுருக்கும் டிஹெச்டி ஹார்மோனை அது குறைக்கிறது. மினாக்சிடில் அந்த ஹார்மோனைத் தொடுவதே இல்லை. அதனால்தான் டாக்டர் இரண்டையும் சேர்த்து எழுதியிருப்பார்.

உங்கள் பயம் தேவையில்லாதது என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, மனச்சோர்வு வருவது உண்டு. பெரும்பாலும் மாத்திரையை விட்டால் சரியாகிவிடும். விட்ட பிறகும் நீடித்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் என் உடம்பை வைத்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. கல்யாணப் பேச்சு நடப்பதையும் சேர்த்து டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அதில் கூச்சமே வேண்டாம்.

லேப்அக்கா:

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 14 வருடமாக இருக்கிறேன். தம்பி, சமீபத்தில் டெங்கு, டைபாய்டு மாதிரி காய்ச்சல் ஏதாவது வந்ததா? எனக்கு டெங்கு வந்து இரண்டு மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தால் 9, ரொம்பக் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை எடுத்து ஆறேழு மாதத்தில் மீண்டேன், தலையில் எதுவும் போடவில்லை. வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு, அதற்கு வைத்தியமே வேறு.

முடிக்கென்று பலர் சாப்பிடும் பயோட்டின் வைட்டமின் மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் தைராய்டு பார்க்கும் முன் லேபில் சொல்லிவிடுங்கள், ரிசல்ட்டைத் தவறாகக் காட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் ஞாபகம் வையுங்கள்: உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால்கூடத் தொடக் கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் பாதிக்கும்.

பனியன்ஊர்க்காரன்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. காய்ச்சல் எதுவும் வரவில்லை. மருந்தை இத்தனை நாளும் ஈரத் தலையில்தான் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை டாக்டரிடம் போய் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறேன். இன்று அம்மாவிடம் போனைக் கொடுத்து உச்சியைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு, "அப்பாவுக்கு இதைவிடப் பெரிசா இருந்துச்சுடா, அப்பத்தான் நான் அவரைக் கட்டிக்கிட்டேன்" என்றார்.