குழந்தை டாக்டர் இருக்கிறார், ஆனால் நமக்கு வேண்டியவர் எங்கே இருக்கிறார்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஆறு மாதக் குழந்தையின் அம்மாவாக அன்று

ரொம்ப நாளாக எழுத நினைத்தது இது. என் மகளுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, தூங்கி எழுந்ததும் இரண்டு கைகளையும் தூக்கி உதறுவாள், தலை முன்னால் சாயும், இரண்டு நொடியில் சரியாகிவிடும், உடனே மறுபடியும் வரும். வயிற்றுவலி என்றார்கள், பயந்து திடுக்கிடுகிறாள் என்றார்கள். நான் போனில் வீடியோ எடுத்து எங்கள் குழந்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் அதை ஒரு இடத்தில் நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, மறுபடியும் நிறுத்தி, "இது கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பு, குழந்தை நரம்பியல் டாக்டர் உடனே பார்க்க வேண்டும்" என்றார்.

அந்த "உடனே" என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும். பெரியவர்களைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். இந்த வயதுக் குழந்தையைப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, கைக்குழந்தையின் இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) பெரியவர்களுடையதைப் போல இருக்காது, மாதத்துக்கு மாதம் மாறும், அதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். குழந்தைகளுக்கானவர் இருந்ததோ வெகு தொலைவில், நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். இந்த வகை வலிப்பில் சிகிச்சை தள்ளிப்போகப் போக மூளை வளர்ச்சி பாதிக்கும். எங்கள் டாக்டர் வரிசையில் காத்திருக்கச் சொல்லவில்லை, அவரே அந்த டாக்டருக்குப் போன் போட்டார், வீடியோவை அனுப்பினார், அந்த வாரமே பார்த்தார்கள், ஹார்மோன் ஊசி தொடங்கியது. இன்று அவள் நன்றாக இருக்கிறாள். ஆனால் எங்கள் டாக்டருக்கு அந்த நம்பர் தெரியாமல் இருந்திருந்தால்? இத்தனை லட்சம் பேருக்கு இத்தனை குழந்தை டாக்டர்கள் என்று கணக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் போன் கால்தான் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

இரவுப் பணிச் செவிலியர்

நான் ஒரு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் முன்பு குழந்தைகள் வார்டு இருந்தது, மூடிவிட்டார்கள். காரணம் கேட்டால் கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன என்றார்கள், அது உண்மைதான், குழந்தைகள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், சளி, மூச்சிரைப்புக் காலத்தில் வார்டு நிரம்பி வழியும், மற்ற மாதங்களில் வெறிச்சோடும். அதே கட்டிலில் பெரியவர் ஒருவரைப் படுக்க வைத்தால் மருத்துவமனைக்கு வருமானம் அதிகம். இது எங்கள் இடத்தில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 2008 முதல் 2018 வரையிலான பத்தாண்டில் குழந்தைகளுக்கான உள்நோயாளிப் பிரிவுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது.

வார்டு போனால் கட்டில் மட்டும் போவதில்லை, கைப்பழக்கமும் போய்விடுகிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீர்ச்சத்து வற்றிப்போன குழந்தையின் கையில் நரம்பு கண்ணுக்கே தெரியாது. தினமும் ஊசி போட்ட கைக்கு அது தானாகத் தட்டுப்படும், எப்போதாவது போடும் கைக்குத் தட்டுப்படாது. மருந்து அளவு முழுக்க எடையைப் பொறுத்தது, ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. இப்போது இரவில் மோசமான நிலையில் ஒரு குழந்தை வந்தால், முதலுதவி கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பின்போது பெற்றோர் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது.

பயிற்சியில் இருப்பவர்

குழந்தை மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் இந்தத் துறைக்கு வந்தாய் என்று என்னிடம் கேட்காத சீனியரே இல்லை. ஒரு குழந்தையைப் பார்ப்பது என்றால் குழந்தையைச் சமாதானப்படுத்த வேண்டும், அம்மாவிடம் கேட்க வேண்டும், அப்பாவுக்கு விளக்க வேண்டும், அப்புறம் பாட்டிக்கும் விளக்க வேண்டும். அந்த நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை, ஸ்கோப் (உடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) போட்டால், ஆபரேஷன் செய்தால்தான் பணம். அமெரிக்காவில் மூன்றாண்டு பயிற்சிக்குப் பிறகு இன்னும் மூன்றாண்டு படித்து, ஒரு உறுப்பையோ நோய் வகையையோ மட்டும் பார்க்கும் உட்பிரிவு நிபுணர் ஆகிறவர்களில் பல பிரிவினர், பொதுக் குழந்தை மருத்துவரைவிட வாழ்நாளில் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள். குழந்தைகள் தொற்றுநோய்ப் பிரிவுக்கு அங்கே போதிய ஆள் சேராததில் என்ன ஆச்சரியம்? 2024-இல் பொதுக் குழந்தை மருத்துவப் பயிற்சியிலேயே 252 இடங்கள் முதல் சுற்றில் நிரம்பாமல் கிடந்தன.

தென் கொரியா இன்னும் மோசம். 2019-இல் ஐந்தில் நான்கு பங்கு நிரம்பிய குழந்தை மருத்துவப் பயிற்சி இடங்கள், 2023-இல் கால்வாசி நிரம்பியதே பெரிய காரியமாகிவிட்டது. அங்கே 2023-இல் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்று இறங்கியது, குழந்தைகள் குறைந்தால் டாக்டர் தட்டுப்பாடும் தீர்ந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நடந்தது தலைகீழ். வருமானம் தலைக்கு இவ்வளவு என்று வரும்போது குழந்தைகள் குறையக் குறையக் கிளினிக்குகள் மூடுகின்றன, மிச்சமிருக்கும் கிளினிக் வாசலில் பெற்றோர் விடிகாலையிலேயே வரிசை கட்டுகிறார்கள். 2023 மார்ச்சில் கிளினிக் நடத்தும் குழந்தை டாக்டர்கள் சங்கம் இந்தத் துறையிலிருந்தே விடைபெறுகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் பெண்கள் அதிகம், அமெரிக்காவில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கம். அதனால்தான் பற்றாக்குறை, அவர்கள் குறைந்த நேரம் வேலை செய்கிறார்கள் என்று பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெண்கள் வந்திராவிட்டால் இந்தத் துறை எப்போதோ காலியாகியிருக்கும்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா

எல்லாரும் குழந்தை டாக்டரைத்தான் பார்க்க வேண்டுமா? பிரிட்டன், நெதர்லாந்து, சுவீடனில் காய்ச்சலோ சளியோ வந்தால் முதலில் பார்ப்பது பொது மருத்துவர்தான், குழந்தை நிபுணர் பெரும்பாலும் மருத்துவமனையில் இருப்பார். எங்கள் குடும்ப டாக்டர் குழந்தை நிபுணர் இல்லை, என் பையனுக்குக் காதில் சீழ் பிடித்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஆறு மாதக் குழந்தையின் அம்மாவாக அன்று

அப்பா சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. வலிப்பு நிபுணர் தெருவுக்கு ஒருவர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அபூர்வமான நோய் கொண்ட குழந்தைகள் பரவலாக அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்போது நிபுணர் ஒரு பெரிய இடத்தில் உட்கார்ந்து நிறையப் பேரைப் பார்த்தால்தான் அவர் கையும் தேறும். ஆனால் உங்கள் குடும்ப டாக்டர் சந்தேகம் வந்ததும் யாரைக் கூப்பிடுவார்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குழந்தை மனநல நிபுணர் கிடைக்காமல் திண்டாடியபோது, 2004-இல் ஒரு போன் சேவை தொடங்கினார்கள். ஊரிலிருக்கும் டாக்டர் கூப்பிட்டால் மறுமுனையில் குழந்தை மனநல நிபுணர் பேசுவார், மருந்து மாற்றலாமா, நேரில் அனுப்ப வேண்டுமா என்று அப்போதே முடிவாகிவிடும். பிறகு மற்ற மாநிலங்களும் அதே போலத் தொடங்கின. என் மகளுக்கு ஒருவருடைய தனிப்பட்ட பழக்கத்தால் கிடைத்தது அங்கே எல்லாருக்குமான ஏற்பாடாக இருக்கிறது.

செவிலியர் அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. ராத்திரியில் அப்படி ஒரு குழந்தை வரும்போது, நீங்களோ டாக்டரோ நேராகக் கூப்பிட்டுப் பேச ஒரு நம்பர் இருக்கிறதா?

இரவுப் பணிச் செவிலியர்

அதிகாரபூர்வமாக எதுவும் இல்லை. பெரிய மருத்துவமனையின் பொது எண்ணுக்குப் போட்டால் ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிவிடுவார். எங்களோடு முன்பு வேலை பார்த்த குழந்தை டாக்டர் ஒருவர் தன் சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம், இன்றைக்கும் எடுக்கிறார்.