தொண்டையில் டியூப் போட்டவரிடம் கேட்டு அறிவது எப்படி?

ஐசியூ நர்ஸ், பாளையங்கோட்டை:

மொதல்ல ஆமா, இல்ல ரெண்டையும் உறுதி பண்ணுங்க. தலையாட்டலை நம்பாதீங்க. நம்ம பக்கத்துப் பெரியவங்க தலையைப் பக்கவாட்டில் சாய்த்து அசைத்தால் பெரும்பாலும் 'சரி'ன்னு அர்த்தம். டியூப் கட்டியிருக்கும்போது அந்த அசைவு பாதியில் நின்றுவிடும், பார்க்கிறவருக்கு 'வேண்டாம்' மாதிரித் தெரியும். கட்டைவிரலைத் தூக்கினால் ஆமா, உள்ளங்கையை விரித்தால் இல்ல. கை அசையாதவருக்கு, மேலே பார்த்தால் ஆமா, கண்ணை இறுக மூடினால் இல்ல. சும்மா ஒரு இமைப்பை விடையாக வைக்கக் கூடாது. இமை தானாகவே நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை மூடித் திறக்கும்.

அப்புறம் விடை தெரிந்த கேள்வி ரெண்டு. "ஆச்சி, நாம ஆஸ்பத்திரியிலயா இருக்கோம்?" "இது ஆத்துப் படித்துறையா?" ரெண்டுக்கும் சரியாகச் சொன்னால்தான் மேற்கொண்டு கேட்கணும். ஒரு நேரம் ஒரு கேள்வி, பத்து எண்ணும்வரை பொறுமை. "தவிக்கா, வலிக்கா?"ன்னு தாகத்தையும் வலியையும் சேர்த்துக் கேட்டால் வருகிற ஆமாவை எதில் சேர்ப்பது?

பேச்சுப் பயிற்சியாளர், திருநெல்வேலி டவுன்:

எழுத்து அட்டைக்கு 247 எழுத்தும் வேண்டாம். வரிக்கு ஆறாக ஐந்து வரி போதும்: உயிர் 12 இரண்டு வரியில், பிறகு வல்லினம், மெல்லினம், இடையினம். மொத்தம் 30 கட்டம். எழுத்து இரண்டு சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். ஏ4 தாளை லேமினேட் செய்து பரீட்சை அட்டையில் மாட்டினால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்ட பிறகே அட்டையைக் காட்டுங்கள். வரி வரியாக விரல் வைத்து "இந்த வரியா?" என்று கேளுங்கள். ஆமா வந்ததும் அந்த வரிக்குள் எழுத்து எழுத்தாகப் போங்கள்.

கால், கொம்பு, புள்ளி எதுவும் தேடாமல் மெய்யை மட்டும் பிடித்தாலே பாதிச் சொல் வந்துவிடும். ஆபத்தும் அங்கேதான். 'ம', 'க' என்று வந்தால் வீட்டார் உடனே மகளுக்கு போன் போட ஓடுவார்கள். அவர் சொல்ல வந்தது மூக்கு. சாப்பாட்டு டியூப் அங்கே உறுத்துகிறது. ஊகித்ததை வாய்விட்டுச் சொல்லி, ஆமா வாங்கிய பிறகே நகருங்கள்.

எழுதத் தெம்பு உள்ளவருக்கு ஸ்கெட்ச் பேனா கொடுங்கள். மல்லாந்து படுத்தபடி எழுதினால் பால்பாயின்ட் மை இறங்காது. சிலேட்டு வேண்டாம், தொண்டையில் துளை இருப்பவருக்குப் பலப்பத் தூள் ஆகாது.

பக்கவாதத்தில் சொல் குழம்பியவருக்கு இந்த அட்டை உதவாது. பேச்சோடு எழுத்தும் பெரும்பாலும் போயிருக்கும், ஆமா என்று சொல்லி இல்லையை நினைப்பதும் உண்டு. தம்ளர், போர்வை என்று பொருளையே கையில் எடுத்துக் காட்டுங்கள்.

துணைக்கு இருப்பவர், நாங்குநேரி:

படம் போட்ட அட்டையில் 'தாகம்', 'முதுகு வலி'ன்னு அச்சடிச்சிருப்பாங்க. எங்க பக்கம் அது 'தவிக்கு', 'குறுக்கு வலிக்கு'. வீட்டுச் சொல்லையே மேல எழுதி ஒட்டுங்க. 'இதுல எதுவும் இல்ல'ன்னு ஒரு கட்டம் கட்டாயம் வேணும். அது இல்லன்னா பாவம், ஏதாவது ஒண்ணைக் காட்டி முடிச்சுக்கிடுவாங்க.

ஐசியூ நர்ஸ், பாளையங்கோட்டை:

ஒண்ணு விட்டுப்போச்சு. தொண்டைத் துளை டியூபில் கஃப், அதாவது டியூபைச் சுற்றி மூச்சுக்குழாயை அடைக்கிற காற்றுப் பை, ஊதியிருக்கும்போது பேச்சு வால்வை, அதாவது மூச்சை உள்ளே மட்டும் விடுகிற ஒருவழி மூடியை, மாட்டவே கூடாது. மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. குரல் வருதான்னு பார்க்க வீட்டார் விரலால் துளையை அடைப்பதும் அதே ஆபத்துதான்.

பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி நூறு வருஷத்துக்கு மேல் நடக்கு, சைகையில் பேசுகிறவர்கள் நம்ம வார்டுக்கும் வருவாங்க. அவங்களுக்கு டிரிப்ஸ் ஊசி போடும்போது, சைகை காட்டுகிற கை கட்டுப்படாமல் இருக்க, எந்தக் கை பழக்கம்னு கேட்டு, மறு கையில், மணிக்கட்டுக்கு மேலே முன்கையில் போடுங்க.